எந்த எலும்புக்கு எந்த நிறம்?

டைனோசர் எலும்பைத் தோண்டி எடுக்கும் காட்சியை அச்சிட்டுப் பிள்ளைகளுக்கு வண்ணம் தீட்டக் கொடுக்கும் தாள்கள் அநேகமாக ஒரே அச்சில் வார்த்தவை. அகலத் தொப்பி போட்ட ஓர் ஆண், கையில் பிரஷ். அவர் காலடியில் மூக்கு முதல் வால் நுனிவரை ஓர் எலும்புகூடக் குறையாத டைனோசர். பின்னணியில் புகை கக்கும் எரிமலை. அது அங்கே என்ன செய்கிறது என்பது வரைந்தவருக்கே வெளிச்சம். பிள்ளை மண்ணுக்குப் பழுப்பும் வானத்துக்கு நீலமும் தீட்டிவிட்டு, எலும்பு வெள்ளைதானே என்று அதை அப்படியே விட்டுவிடும்.

உண்மையான தளத்தில் எலும்பு வெள்ளையாகக் கிடைப்பது அபூர்வம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிலத்தடி நீர் கொண்டுவந்த கனிமங்கள் அதன் நுண்துளைகளில் படிந்திருக்கும். இரும்பு மிகுந்த இடத்தில் செம்பழுப்பு, மாங்கனீசு மிகுந்த இடத்தில் கறுப்பு. பல சமயம் சுற்றியுள்ள பாறையின் நிறமே எலும்புக்கும் இருப்பதால், எது எலும்பு, எது கல் என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடு. சந்தேகம் வந்தால் துண்டை நாக்கில் ஒட்டிப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. நுண்துளை உள்ள எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், கல் ஒட்டாது. முழு எலும்புக்கூடும் வெள்ளை எலும்பைப் போலவே கனவில் மட்டும் வருவது. 1990இல் அமெரிக்காவின் தெற்கு டகோடாவில் கிடைத்து, இப்போது சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தில் நிற்கும் ‘சூ’ என்ற டைரனோசாரஸ், எடைக் கணக்கில் ஏறக்குறைய 90 விழுக்காடு கிடைத்ததற்கே உலகப் புகழ் பெற்றது.

இந்தப் பிழைகளைத் திருத்திவிட்டால் தாள் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. நிலவியலிலும் தொல்லுயிரியலிலும் வண்ணம் தீட்டுவது வெறும் அலங்காரமாக இருந்ததில்லை. இந்த அடுக்கு எவ்வளவு பழையது, இந்த எலும்பு கிடைத்ததா கிடைக்கவில்லையா, இந்தத் தோலைப் பற்றிச் சான்று உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஆய்வாளர்கள் நிறத்தால்தான் பதிவு செய்கிறார்கள். அந்த வேலையைப் பெரிய மாற்றம் இல்லாமல் ஆறேழு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க முடியும். சந்தையில் உள்ள தாள்கள் அந்த வாய்ப்பை வீணாக்குகின்றன என்பதே என் குறை.

வண்ணம் தீட்டும் புத்தகங்களுக்கு எதிரான பழைய வழக்கு ஒன்றையும் இங்கே பார்த்துவிட வேண்டும். ஆஸ்திரியாவில் பிறந்து அமெரிக்காவில் கலைக்கல்வி கற்பித்த விக்டர் லோவன்ஃபெல்ட், 1947இல் வெளியான தம் நூலின் வழியாக ஆசிரியர்கள் மத்தியில் பெரும் செல்வாக்குப் பெற்றவர். அச்சிட்ட உருவத்துக்குள் நிறம் நிரப்பப் பழகிய பிள்ளை தன் கண்ணால் பார்த்து வரைவதைக் கைவிட்டுவிடும் என்பது அவர் வாதம். அவர் காட்டிய சான்று பறவை. முதலில் தத்தம் விருப்பப்படி விதவிதமாகப் பறவை வரைந்த பிள்ளைகள், பயிற்சிப் புத்தகத்தில் இருந்த பறவைக்கு நிறம் தீட்டிய பிறகு, அந்த அச்சுப் பறவையையே திரும்பத் திரும்ப வரைந்தார்கள். (பறவைகள் டைனோசர்களின் வழிவந்தவை என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட முடிவு. எனவே இந்தக் கட்டுரையில் அந்தச் சோதனைக்கு இருமடங்கு உரிமை உண்டு.)

லோவன்ஃபெல்ட் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆனால் அவர் பேசியது கற்பனையைப் பற்றி. கோட்டுக்குள் நின்று தீட்டுவதே பாடமாக அமையும் துறைகளும் உண்டு. நிலவியல் அவற்றில் முதன்மையானது. 1815இல் வில்லியம் ஸ்மித் வெளியிட்ட இங்கிலாந்து, வேல்ஸ் நிலவியல் வரைபடம் 15 தாள்களில் அச்சாகி, ஒவ்வொரு படியும் கையால் நீர்வண்ணம் தீட்டப்பட்டது. சுமார் 400 படிகள். ஒவ்வொரு பாறை அடுக்குக்கும் ஒரு நிறம். அடுக்கின் அடிப்பகுதியில் அடர்த்தியாகத் தொடங்கி மேலே போகப் போக வெளிறும். எந்த அடுக்கு எதன் மேல் படுத்திருக்கிறது என்பது அந்தச் சாயலிலேயே தெரிந்துவிடும். கால்வாய் வெட்டும் வேலைக்கு நிலம் அளந்தவர் ஸ்மித். அடுக்குகளை அடையாளம் காண அவர் நம்பியது அவற்றில் பொதிந்த புதைபடிவங்களை.

1881இல் இத்தாலியின் பொலோனா நகரில் கூடிய பன்னாட்டு நிலவியல் மாநாடு, நாடுதோறும் வேறுபட்ட நிறங்களை ஒழுங்குபடுத்தும் வேலையில் இறங்கியது. இன்றைய பன்னாட்டு வழக்கில் டிரையாசிக் காலத்துக்கு ஊதா, ஜுராசிக்குக்கு நீலம், கிரெட்டேசியஸுக்குப் பச்சை. டைனோசர்கள் வாழ்ந்த காலம் முழுவதும் மூன்று கலர் பென்சில்களில் அடங்கிவிடுகிறது.

இதை நம் ஊரில் செய்து பார்க்க அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தைவிட நல்ல இடம் கிடையாது. 1862இல் ஹென்றி பிளான்ஃபோர்டு இந்தப் பகுதியின் பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று தொகுதிகளாகப் பிரித்து எழுதினார். அடியில் கடல், காரைப் பகுதியின் களிமண் மேடுகளில் இன்றும் அம்மோனைட்டுகள் (சுருள் ஓடுடைய, அழிந்துபோன கடலுயிரிகள்) கிடைக்கின்றன. மேலே போகப் போகக் கடல் பின்வாங்குகிறது. அரியலூர்த் தொகுதியின் உச்சியில் கல்லமேடு என்ற அடுக்கு, ஆறு கொண்டுவந்து கொட்டிய மணல். டைனோசர் எலும்புகள் வந்தது அதிலிருந்துதான். அதற்கும் மேலே நின்னியூர் அடுக்கில் மறுபடி கடல், ஆனால் அப்போது டைனோசர்கள் இல்லை. ஒரு தாளில் கிடைமட்டமாகக் கோடுகள் போட்டு, கீழே அடர் பச்சை, மேலே வெளிர் பச்சை, கல்லமேட்டுக்கு அதனினும் வெளிர் பச்சை, நின்னியூருக்கு ஆரஞ்சு என்று தீட்டச் சொன்னால், பச்சை முடிந்து ஆரஞ்சு தொடங்கும் இடத்தில் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய பேரழிவு நிற்கும். அம்மோனைட்டை எந்தப் பட்டையில் வரைவது, டைனோசர் எலும்பை எந்தப் பட்டையில் வரைவது என்று பிள்ளையிடமே கேட்கலாம். அரியலூரில் சிமெண்ட் ஆலைகளுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டும் சுரங்கத்தில் கடல்சிப்பி கிடைக்கும்போது டைனோசர் ஏன் கிடைப்பதில்லை என்ற கேள்வி, அந்தத் தாளை முடித்த பிள்ளைக்குத் தானாகவே வரும்.

அடுத்தது எலும்புக்கூடு. புதிய டைனோசர் ஒன்றை அறிவிக்கும் ஆய்வுக்கட்டுரைகளில் ஒரு வழக்கம் உண்டு. விலங்கின் பக்கவாட்டு உருவத்தை நிழலாக வரைந்து, உண்மையில் கையில் கிடைத்த எலும்புகளுக்கு மட்டும் நிறம் கொடுப்பார்கள். மற்றவை சாம்பல் நிறத்தில் அல்லது வெற்றுக் கோடாக இருக்கும். பார்த்த மாத்திரத்தில் எவ்வளவு தெரியும், எவ்வளவு ஊகம் என்பது விளங்கிவிடும். இதைவிட நேர்மையான வண்ணத்தாள் எனக்குத் தெரியவில்லை. பிள்ளைகளுக்கான புத்தகங்களில் ஏன் இது வருவதில்லை என்பதும் விளங்கவில்லை. ஒருவேளை பக்கம் காலியாகத் தெரியும் என்ற அச்சமாக இருக்கலாம்.

காலியாகத் தெரிவதற்கு நம்மிடமே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த யாதகிரியும் அய்யாசாமியும் 1980களில் கல்லமேட்டிலிருந்து விவரித்த விலங்கு புருஹத்காயோசாரஸ் மேட்லியி. பெயரின் பின்பாதி, 1929இல் திருச்சிராப்பள்ளி மாவட்ட டைனோசர்களைப் பற்றி எழுதிய சார்லஸ் மேட்லியின் நினைவாக வந்தது. கிடைத்தவை இடுப்பெலும்பு, தொடையெலும்பு, கீழ்க்கால் எலும்பு, முன்கை எலும்பு, வால் முள்ளெலும்பு ஆகியவற்றின் பகுதிகள். முழங்காலுக்குக் கீழே உள்ள அந்த ஓர் எலும்பின் நீளம் மட்டும் 2 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. முதலில் இதை ஊனுண்ணி என்று வகைப்படுத்தினார்கள். 1990களில், நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று கருத்து மாறியது. எடை 100 டன்னைத் தாண்டியிருக்கும் என்ற கணிப்புகளும் வந்தன. நிலத்தில் நடந்த விலங்குகளில் இதுவே பெரியதாக இருக்கலாம் என்ற பேச்சும் கூடவே வந்தது.

அந்த எலும்புகள் இன்று இல்லை. பொதிந்திருந்த மண் இளகியது, எலும்பு உதிரும் தன்மை கொண்டது, நம் மழையும் ஈரமும் வேறு. எலும்புகள் உருக்குலைந்து போய்விட்டன என்று 2017இல் அய்யாசாமி பங்கேற்ற கட்டுரை ஒன்றே தெரிவித்தது. எஞ்சியவை வெளியான கோட்டோவியங்களும், 2022இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த சில பழைய நிழற்படங்களும். உலகின் மிகப்பெரிய விலங்காக இருந்திருக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய விவாதம் முழுவதும் இப்போது காகிதத்தின் மீது நடக்கிறது.

இந்த விலங்கை வண்ணத்தாளாக்கினால் பிள்ளை தீட்ட வேண்டிய பகுதி மிகச் சிறியது: இடுப்பில் கொஞ்சம், காலில் கொஞ்சம், வாலில் ஒரு துண்டு. கழுத்தும் தலையும் முழுக்க வெள்ளை. “தலை எப்படி இருந்தது?” என்று பிள்ளை கேட்கும். யாரும் பார்த்ததில்லை என்பதே பதில். அந்தப் பதிலைச் சொல்ல ஆசிரியர்கள் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சோர்ந்துபோனதைப் பார்த்ததில்லை.

எலும்பு போய்ப் படம் மட்டும் நின்ற கதை இது ஒன்றே அல்ல. 1878இல் அமெரிக்கத் தொல்லுயிரியலாளர் எட்வர்ட் டிரிங்கர் கோப், கொலராடோவில் கிடைத்த மாபெரும் முதுகெலும்பு ஒன்றை வரைந்து வெளியிட்டார். எலும்பு பின்னர் எங்கோ தொலைந்துவிட்டது; அந்த ஒற்றை ஓவியத்தை வைத்துக்கொண்டு விலங்கின் அளவைப் பற்றி இன்றும் வாதிடுகிறார்கள். ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமர் எகிப்திலிருந்து கொண்டுவந்து 1915இல் விவரித்த ஸ்பைனோசாரஸ் எலும்புகள், 1944 ஏப்ரலில் மியூனிக் மீது குண்டு விழுந்தபோது அழிந்தன. அவருடைய விரிவான படங்கள் பிழைத்தன. 1823 டிசம்பரில் இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் தோண்டியெடுத்த பிளீசியோசார் என்ற கடல்வாழ் ஊர்வன விலங்கின் நீண்ட கழுத்தை நம்ப முடியாமல், இது ஒட்டுவேலையாக இருக்கும் என்று பாரீசிலிருந்த உடற்கூற்றியல் அறிஞர் குவியே சந்தேகித்தார்; ஆய்வுக்குப் பின் தம் சந்தேகத்தைக் கைவிட்டார். ஆனிங் அந்த விலங்கைத் தம் கையாலேயே வரைந்து எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. தோண்டுபவர் படம் வரையத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதற்கு இவையெல்லாம் காரணம்.

தோண்டும் வேலையின் வரிசை கதைப்புத்தகம் போலவே படிப்படியாக நகர்வதால், தாள்களைத் தொடராகச் செய்வது சுலபம். முதலில் யாரும் தோண்டுவதில்லை, நடக்கிறார்கள். சரிவின் அடியில் எலும்புச் சில்லுகள் கிடந்தால், அவை எங்கிருந்து உருண்டு வந்தன என்று மேல்நோக்கித் தேடிப் போகிறார்கள். எலும்பு தென்பட்டதும் மேல்மண்ணை நீக்கி, நூல் கட்டி ஒரு மீட்டர் சதுரங்களாகப் பிரித்து, ஒவ்வொரு எலும்பும் எந்தச் சதுரத்தில் எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது என்று கட்டம் போட்ட தாளில் வரைகிறார்கள். வடதிசையைக் காட்டும் அம்பு, அளவுகோல் இரண்டும் அதில் கட்டாயம். ஒரே விலங்கின் எலும்புகளுக்கு ஒரே நிறம் என்று இந்த வரைபடத்தைத் தீட்டினால் கதை வெளியே வரும்: ஒரு விலங்கு இறந்த இடத்திலேயே கிடந்ததா, பல விலங்குகளை வெள்ளம் அடித்து வந்து ஓரிடத்தில் குவித்ததா என்று. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1909இல் ஏர்ல் டக்ளஸ் கண்டுபிடித்த குவாரியில் இப்படிக் குவிந்த சுமார் 1,500 எலும்புகளை எடுக்காமல், பாறைச்சுவரிலேயே பார்வைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தச் சுவரின் கோட்டோவியம் ஒன்று போதும், ஒரு வகுப்பு ஒரு வாரம் தீட்டும்.

நூல் கட்டிய சதுரக் குழிகள் என்றதும் தமிழ்ப் பிள்ளைக்குக் கீழடிதான் நினைவுக்கு வரும். முறையில் ஒற்றுமை உண்டு, காலத்தில் இல்லை. கீழடியின் 2,600 ஆண்டுகளை ஒரு மில்லிமீட்டர் என்று வைத்தால் டைனோசர்களின் அழிவு 25 மீட்டருக்கு அப்பால் இருக்கும். பழைய காகிதச் சுருளை நடைக்கூடத்தில் விரித்து, ஒரு முனையில் பென்சில் நுனியால் கீழடியையும் மறுமுனையில் பச்சை நிறத்தையும் குறிக்கச் சொன்னால், டைனோசரை ஈட்டியால் குத்தும் குகை மனிதனை அந்தப் பிள்ளைகள் இனி எந்தப் படத்திலும் மன்னிக்க மாட்டார்கள்.

பிறகு பொதிவது. எலும்பின் மேல் ஈரக் காகிதம், அதன் மேல் பிளாஸ்டர் மாவில் நனைத்த சாக்குத்துணி. இறுகியதும் அடியை வெட்டிப் புரட்டி மறுபக்கமும் அப்படியே. முறிந்த கைக்கு மாவுக்கட்டுப் போடுவது போன்ற வேலைதான். பிளாஸ்டர் வழக்கத்துக்கு வருமுன் நடந்த ஒரு பரிசோதனை நம் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். 1876இல் மொன்டானாவின் வறண்ட பள்ளத்தாக்கில் கோப்பின் குழுவில் இருந்த சார்லஸ் ஸ்டெர்ன்பெர்க் முதலியோர், கையிருப்பில் இருந்த அரிசியைக் கூழாகக் குழைய வேகவைத்து, அதில் துணியைத் தோய்த்து எலும்புகளைச் சுற்றினார்கள். துணிக்குக் கஞ்சி போடும் வழக்கம் உள்ள நாட்டில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டாம். ஒரு கோழியெலும்பும் கொஞ்சம் சோற்றுக் கஞ்சியும் போதும். கடையில் விற்கும் பிளாஸ்டர் கட்டித் தோண்டும் பெட்டிகளைவிட இது மேல். அந்தப் பெட்டிகளில் ஒவ்வொரு பிளாஸ்டிக் எலும்பும் கட்டாயம் இருக்கும் என்று முன்கூட்டியே தெரியும், சுத்தியலால் அடித்தாலும் எதுவும் உடையாது.

கடைசியாக விலங்கின் நிறம். நீண்ட காலம் இது ஓவியரின் உரிமை. 2010இல் நிலைமை மாறியது. சீனாவில் கிடைத்த இறகுள்ள டைனோசர்களின் படிவங்களில் மெலனோசோம் எனப்படும் நுண்ணிய நிறமி உறுப்புகளின் வடிவம் அப்படியே தங்கியிருப்பதை ஆய்வாளர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். இன்றைய பறவைகளில் நீள்வடிவ மெலனோசோம்கள் கறுப்பையும் உருண்டையானவை செம்பழுப்பையும் தருகின்றன. இந்த ஒப்பீட்டின்படி சைனோசாரோப்டெரிக்ஸின் வாலில் செம்பழுப்பும் வெள்ளையும் மாறி மாறி வளையமிட்டிருந்தன. ஆங்கியோர்னிஸ் கறுப்பு வெள்ளை இறகும் செந்நிறக் கொண்டையும் கொண்டிருந்தது. 2016இல் சிட்டாகோசாரஸின் முதுகு அடர்ந்தும் வயிறு வெளிறியும் இருந்ததாக, அதன் தோலில் எஞ்சிய நிறமியைக் கொண்டு காட்டினார்கள். மரநிழலில் ஒளிந்து வாழ்ந்த விலங்கின் நிறம் அது என்றார்கள். ஆகவே இந்த மூன்றுக்கும் “இப்படித்தான் தீட்ட வேண்டும்” என்று நிபந்தனை போடலாம். டைரனோசாரஸுக்கு அப்படிப் போட முடியாது. ரோஜா நிறத்தில் தீட்டும் பிள்ளையைத் தடுக்க யாருக்கும் உரிமையில்லை. கட்டாயமும் சுதந்திரமும் எங்கே பிரிகின்றன என்பதைத் தாளின் ஓரத்திலேயே அச்சிட்டுவிடலாம். லோவன்ஃபெல்டும் இதற்கு ஆட்சேபம் சொல்லியிருக்க மாட்டார்.

தொப்பிக்காரரையும் சும்மா விட்டுவிடக் கூடாது. டேவிட் சேம்பர்ஸ் 1983இல் வெளியிட்ட ஆய்வில், விஞ்ஞானியை வரையச் சொன்னபோது 4,807 பிள்ளைகளில் 28 பேர் மட்டுமே பெண்ணை வரைந்தார்கள். அந்த 28 பேரும் சிறுமிகள். அதன் பிறகு அமெரிக்காவில் நடந்த இத்தகைய ஆய்வுகளை 2018இல் தொகுத்துப் பார்த்தபோது இந்த அளவு சராசரியாக நூற்றுக்கு 28 ஆக உயர்ந்திருந்தது. படத்தில் யாரைப் பார்க்கிறார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். தோண்டுபவரின் முகத்தை வெறும் வட்டமாக விட்டுவிட்டு, ஆளைப் பிள்ளையே வரையட்டும் என்று விடுவது எளிய வழி. அந்த ஆள் பிள்ளையாகவே இருப்பதிலும் மிகையில்லை: சிலி நாட்டில் 2004இல் ஏழு வயது டியேகோ சுவாரெஸ் அழகான கற்களைத் தேடிப் போய்க் கண்டெடுத்த எலும்புகளே, 2015இல் அவன் பெயரைத் தாங்கிய சிலேசாரஸ் என்ற புதிய டைனோசராக அறிவிக்கப்பட்டன.

எந்த வயதில் தொடங்கலாம்? மிஷலீன் சீயும் ரான்டி கோஸ்கியும் 1983இல் விவரித்த நாலரை வயதுச் சிறுவன் 40 டைனோசர்களை அறிந்திருந்தான். நன்கு அறிந்தவற்றை அவன் மனத்தில் உணவு, உடலமைப்பு என்று ஒன்றோடொன்று பின்னி வைத்திருந்தான். பெயர்ப் பட்டியல் இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சுமையே அல்ல. பட்டியலைத் தாண்டிச் சான்றை நோக்கித் திருப்புவதுதான் பெரியவர் வேலை. எட்டு வயதுக்கு மேல் அச்சிட்ட கோடுகளைக் குறைத்துக்கொண்டே போகலாம் என்பது என் எண்ணம்.

இத்தகைய தாள்களின் பயன் உடனே தெரியக்கூடிய இடம் பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னம். 2020 அக்டோபரில் அங்கே மண் அள்ளியபோது வெளிப்பட்ட பெரிய உருண்டைக் கற்களை டைனோசர் முட்டைகள் என்று கைபேசிகள் பரப்பின. அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு திரண்டு உருவான கற்கள் அவை என்று பார்வையிட்ட நிலவியலாளர்கள் விளக்கினார்கள். உண்மையான முட்டைகள் இந்தியாவில் நிறையவே கிடைத்திருக்கின்றன. மத்தியப் பிரதேசத்தின் தார் மாவட்டத்தில் 92 கூடுகளையும் 256 முட்டைகளையும் பதிவு செய்த ஆய்வு 2023இல் வெளிவந்தது. ஒரு தாளின் இடப்பக்கம் அப்படிப்பட்ட முட்டையின் வெட்டுமுகம்: சில மில்லிமீட்டர் கனமுள்ள ஓடு, உள்ளே நிரம்பிய வண்டல். வலப்பக்கம் குன்னத்துக் கல்லின் வெட்டுமுகம்: நடுவில் அம்மோனைட், சுற்றிலும் திரண்ட படிவு. ஓட்டுக்கு ஒரு நிறம், வண்டலுக்கு ஒரு நிறம், அம்மோனைட்டுக்கு ஒரு நிறம். அந்த வட்டாரத்துப் பள்ளிகளுக்கு இதை அச்சிட்டுக் கொடுக்க ஆகும் செலவு காகிதச் செலவுதான். ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு வேண்டிய கல் ஊரிலேயே இருக்கிறது.